பிளாக்கால்ல கேரவனைப் போட்டு ரெண்டு ராத்திரி தங்குறது வேஸ்டா?

கேள்வி, ஜூன் 3, மாலை 6:10

ஸ்கூல் லீவுக்கு பிரிஸ்பேன்ல இருந்து மேற்கு குயின்ஸ்லாந்து லாங்ரீச் போறோம். நான், வைஃப், ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா. கார் பின்னாடி இழுத்துட்டுப் போற கேரவன், 21 அடி. கேக்குற ஆளெல்லாம் வழியில பிளாக்கால்ல ரெண்டு ராத்திரி போடு, ரொம்ப ஃபிரண்ட்லியான ஊருங்கறாங்க. மேப்ல பாத்தா ஒரு மெயின் ரோடு, ஒரு ஆறு, அதுலயும் தண்ணி இருக்கான்னு தெரியல. இந்த ஃபிரண்ட்லி டவுன் எல்லாம் டூரிசம் போர்டு பேச்சு தானே? ஒரு ராத்திரி தூங்கிட்டு கிளம்பிடலாமா? நம்ம மூஞ்சியப் பாத்தா எப்படி நடந்துக்குவாங்க, அதையும் ஒளிக்காம சொல்லுங்கண்ணே.

ஜூன் 3, இரவு 9:25

ரெண்டு ராத்திரி போடுங்க தம்பி. ஏன்னு சொல்றேன்.

மொதல்ல தூரம். பிரிஸ்பேன்ல இருந்து ரோமா கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர், அங்கிருந்து மிட்செல், மார்வன், அகதெல்லா, டாம்போ தாண்டி பிளாக்கால் வர்றதுக்கு இன்னொரு 480 வச்சுக்கங்க. பின்னாடி வண்டி இழுத்துக்கிட்டு, 90ல போயி, பசங்களுக்கு பாத்ரூம் நிறுத்தி, டீசல் போட்டு வந்தா ரெண்டாவது நாள் சாயங்காலம் நீங்க செத்த பொணம். அடுத்த நாள் காலைல திரும்ப எழுந்து 200 சொச்சம் கிலோமீட்டர் லாங்ரீச்சுக்கு ஓட்டுனா, அங்க போய் மியூசியத்துக்குள்ள பெஞ்ச் எங்கன்னு தேடுவீங்க. ரெண்டாவது, குளிர்காலத்துல அங்க ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும், இருட்டுற நேரத்துல தான் கங்காரு ரோட்டுக்கு வரும். நாலு மணிக்கு மேல சக்கரம் உருளக் கூடாதுங்கறது எங்க வீட்டுச் சட்டம். அப்படிப் பாத்தா பிளாக்கால் சரியான இடத்துல இருக்கு.

ஃபிரண்ட்லி விஷயம் நாளைக்கு எழுதறேன், அது ஒரு வரில முடியாது.

ஜூன் 4, காலை 7:50

சரி, அந்த ஃபிரண்ட்லி.

பாதி வியாபாரம் தான். அதுல என்ன தப்பு? கேரவன் ஆளுங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, சிஎம்சிஏ. அவங்க 'ஆர்வி ஃபிரண்ட்லி டவுன்'னு (ஆர்வின்னா கேரவன் மாதிரி தங்குற வண்டி) ஒரு போர்டு குடுப்பாங்க. அதுக்கு நிபந்தனை உண்டு: கம்மி காசுலயோ இலவசமாவோ 24, 48 மணி நேரம் வண்டி போட இடம், கேசட் டாய்லெட் கொட்ட டம்ப் பாயிண்ட், குடிக்கத் தண்ணி, பக்கத்துலயே கடைகண்ணி. அதாவது ஊரு உங்களை சும்மா கூப்பிடல. வந்து தங்கு, எங்க பேக்கரில பன் வாங்கு, எங்க பங்க்ல டீசல் போடுன்னு கூப்பிடுது. மழை பொய்க்கிற வருஷம் ஆட்டுக்காரன் கையில காசு இருக்காது, அப்போ அந்தத் தெருவுல கல்லா நிறையிறது நம்மள மாதிரி போற வர்ற ஆளால தான்.

ஆனா பாதி தான் வியாபாரம். மீதிப் பாதி என்னன்னு எங்களுக்கு நடந்ததைச் சொன்னா புரியும்.

ஆத்தோரம் வண்டியைப் போட்டுட்டு ஆனிங், அதான் வெயில் மறைப்பை விரிச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்து வண்டி தாத்தா, விக்டோரியாக்காரர், கையில காப்பிக் கப்போட நடந்து வந்து எங்க கேரவன் இடது பின் சக்கரத்து ஹப்ல ஒரு விரலை வச்சாரு. வச்சதும் எடுத்துட்டாரு. "மேட், இதைத் தொட்டுப் பாரு." மத்த மூணும் வெதுவெதுன்னு இருக்கு, இது மட்டும் சுட்டுது. பேரிங் போகப்போகுது. கிளம்புறதுக்கு முன்னாடி தான் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல சர்வீஸ்னு முழு பில் கட்டி எடுத்துட்டு வந்த வண்டி (பேரு வேண்டாம்), கழட்டிப் பாத்தா அந்த ஹப்ல கிரீஸே இல்ல, காஞ்சு கருகி கெடக்கு. அன்னைக்கு சனிக்கிழமை. ஊர்ல கேட்டா மெக்கானிக் மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு, ஆனா வீடு எதுன்னு பேக்கரில சொல்லிட்டாங்க. அவரு சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு யூட்ல (பின்னாடி சாமான் தட்டு வச்ச வண்டி) வந்தாரு, கடையைத் திறந்து பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணுல துழாவி சரியான சைஸ் பேரிங்கை எடுத்தாரு. வேலை முடிஞ்சதும் நான் கார்டை நீட்டுனா, மெஷின் ஆபீஸுக்குள்ள பூட்டியிருக்கு, திங்கக்கிழமை காலைல வந்து குடுன்னுட்டு சாப்பிடப் போயிட்டாரு. என் பேரு கூட கேக்கல. நான் ஞாயித்துக்கிழமை ராவோட ராவா வண்டியைக் கட்டிக்கிட்டு ஓடியிருந்தா அந்த ஆளு என்ன பண்ணியிருப்பாரு?

ஜூன் 4, காலை 8:05

ஓடல. திங்கக்கிழமை போய் குடுத்தோம். கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்.

ஜூன் 5, இரவு 10:15

ஒருத்தர் கேட்டிருக்காரு "ஆத்தோரமா, கேரவன் பார்க்கா, எது பெஸ்ட்"னு.

பார்கூ ஆத்தங்கரைல கவுன்சில் இடம் இருக்கு, சொற்பக் காசு, கரண்ட் கிடையாது, நடந்தா ஷாம்ராக் ஸ்ட்ரீட், அதான் மெயின் தெரு. எனக்கு அது தான் பிடிக்கும். ஆனா பேட்டரி, சோலார் எல்லாம் ஒழுங்கா இருக்கணும், கிரே வாட்டரை (குளிச்ச, பாத்திரம் கழுவுன தண்ணி) தரையில விடாம பிடிக்கணும். உங்க கூட வயசான அம்மா வேற இருக்காங்க, ஜூன் ஜூலைல ராத்திரி சில நாள் அஞ்சு டிகிரிக்குக் கீழயும் போகும். பகல்ல டீ சர்ட் போதும், அதை நம்பி ஏமாந்துடாதீங்க. மொத ராத்திரி பார்க்ல பவர்டு சைட் எடுத்து ஹீட்டர் போட்டுத் தூங்கிட்டு ரெண்டாவது ராத்திரி ஆத்தங்கரைக்கு மாறலாம்னு எழுத வந்தேன், ஆனா யோசிச்சா ஒரு ராத்திரிக்காக மறுபடி எல்லாத்தையும் மடக்கிக் கட்டி நகத்துறதுக்கு உங்க வைஃப் உங்களைத் திட்டுவாங்க. பார்க்லயே இருங்க. சாயங்காலம் ஆத்தங்கரைக்கு நடந்து போங்க.

ஆறுன்னதும் காவேரியை நினைக்காதீங்க. பெரும்பாலும் அங்கங்க குட்டை குட்டையா காவி நெறத் தண்ணி, கரையில கூலிபா மரம், மேல கூட்டமா கத்துற வெள்ளைக் கொண்டைக் கிளிங்க. மழை பெஞ்சா மட்டும் வேற முகம் காட்டும், அப்போ ரோட்டையே மூடிடுவாங்க.

ஜூன் 6, மதியம் 1:30

தண்ணியைப் பத்தி சொல்ல மறந்தேன், இது முக்கியம், அம்மா கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.

அந்த ஊரு தண்ணி பூமிக்கு அடியில இருந்து வருது. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின், 17 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவுல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. ஆழத்துல இருந்து வர்றதால சூடாவே வரும், அதனால பச்சைத்தண்ணிக் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுன்னு தான் விழும். ஷவரைத் திறந்ததும் மொத அரை நிமிஷம் அழுகுன முட்டை நாத்தம். எங்க வீட்டம்மா காஸ் லீக்குன்னு கத்தி பசங்களை வெளிய ஓட விட்டுட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்திரத்துல திறந்து வச்சா வாசம் போயிடும், தாராளமா குடிக்கலாம், டீயில தெரியவே தெரியாது. இன்னொண்ணு, சோப்புப் போட்டா கழுவக் கழுவ உடம்பு வழுவழுன்னே இருக்கும், சோப்பு போகலைன்னு டாங்கைக் காலி பண்ணாதீங்க, அந்தத் தண்ணியோட குணமே அது.

ஊரு நீச்சல் குளத்துல இதே தண்ணில ஸ்பா இருக்கு. ஓட்டிட்டு வந்த இடுப்புக்கு அதுல உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. நம்ம ஊர் பாட்டிங்க நைட்டியோட இறங்க முடியாது, அம்மாவுக்கு நீச்சல் டிரஸ் இல்லைன்னா லெக்கிங்ஸ், டீ சர்ட் ஓகேவான்னு கவுண்டர்ல கேளுங்க.

ஜூன் 6, மாலை 5:00

மேல ஒரு சகோ "ஆர்ட்டீசியன் போர் மொதல்ல போட்டது பிளாக்கால் இல்ல, பார்கால்டைன்"னு சண்டைக்கு வந்திருக்காரு. ரெண்டு ஊருக்கும் நடுவுல 100 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டு ஊர்க்காரனும் இதை விட மாட்டான். தோண்ட ஆரம்பிச்சது பிளாக்கால், 1885ல. ஆனா தோண்டுறாங்க தோண்டுறாங்க, தண்ணி வரல. அதுக்குள்ள பார்கால்டைன்ல 1887 கடைசியில பீறிட்டு வந்துடுச்சு. ஆக ரெண்டு பேர் பேச்சுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. பிளாக்கால் பப்ல உக்காந்து பார்கால்டைன் பேரை எடுக்காதீங்க, அவ்ளோ தான்.

ஜூன் 8, இரவு 9:00

இன்னைக்கு நேரம் இருக்கு, ஊல்ஸ்கவர் பத்தி எழுதறேன். ரெண்டு ராத்திரி போடச் சொல்றதுக்கு நிஜமான காரணமே இது தான்.

ஊருக்கு வெளிய கொஞ்ச தூரத்துல ஒரு பெரிய தகரக் கொட்டகை. ஆட்டுல இருந்து கத்தரிச்ச ரோமத்தைக் கழுவுற ஆலை. 1908ல ஓட ஆரம்பிச்சு 1978ல மூடிட்டாங்க, மூடுனதை உடைச்சு இரும்பு விலைக்குப் போடாம அப்படியே வச்சிருக்காங்க, ஸ்டீம்ல ஓடுற மாதிரியான ஊல்ஸ்கவர் ஆஸ்திரேலியாவுல மிஞ்சி நிக்கிறது இது ஒண்ணு தான். ஏன் அங்க கட்டுனான்னா சூடான தண்ணி பூமில இருந்து சும்மா வருது, ரோமத்துல இருக்கிற கொழுப்பைக் கரைக்க சூடு வேணும். அழுக்கோட அனுப்புனா பாதி எடை அழுக்குக்கும் கொழுப்புக்கும் ரயில் கூலி குடுக்கணும், கழுவி அனுப்புனா லாபம். கணக்கு அவ்ளோ தான். பக்கத்துலயே 20 பேர் வரிசையா நின்னு ரோமம் வெட்டுற ஷெட்.

டூர் கூட்டிட்டுப் போன அம்மா ஒரு கத்தை ரோமத்தை என் பொண்ணு கையில குடுத்தாங்க. வெளிய பாத்தா சாம்பல் கலரு, புழுதி, முள்ளு, ஆட்டுப் புழுக்கை. நடுவுல ரெண்டு கட்டை விரலையும் விட்டுப் பிரிங்கன்னாங்க. பிரிச்சா உள்ள பால் வெள்ளை, சின்னச் சின்ன அலை அலையா. கை பூரா பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு, அதான் லேனோலின், கடையில கிரீமுன்னு டியூப்ல வாங்குறோமே. சாயங்காலம் வரைக்கும் அவ கையை மோந்து பாத்துக்கிட்டே இருந்தா. மியூசியம்னாலே ஃபோனை எடுக்குற பொண்ணு.

பெல்ட்டும் சக்கரமும் ஓடுறப்போ கொட்டகையே நடுங்கும். பாய்லரை குளிர்கால சீசன்ல தான் பத்த வைப்பாங்க, போறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க.

ஜூன் 9, காலை 6:40

அதோட சேத்து ஜாக்கி ஹவ். ஷாம்ராக் ஸ்ட்ரீட்ல சிலை இருக்கு, ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு. 1892 அக்டோபர்ல பக்கத்து ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில ஒரே நாள்ல, 7 மணி 40 நிமிஷத்துல, 321 ஆட்டுக்கு ரோமம் வெட்டுனாரு. கைக் கத்திரியில. மெஷின் வந்த பிறகும் அந்தக் கணக்கைத் தாண்ட 1950 வரைக்கும் ஆச்சு. கணக்குப் போட்டா ஒரு ஆட்டுக்கு ஒண்ணரை நிமிஷம் கூட இல்ல. எங்க தெரு சலூன்காரர் எனக்கு எடுத்துக்கிற நேரத்துல அவரு மந்தையையே முடிச்சிருப்பாரு. பின்னால பிளாக்கால்லயே பப் நடத்துனாரு. ஷியரர்ஸ், அதான் ரோமம் வெட்டுறவங்க, போடுற அந்தக் கையில்லாத நீலப் பனியனுக்கு இன்னைக்கும் அவர் பேரு தான்.

இந்தத் தொழிலாளிங்க தான் 1891ல ஸ்ட்ரைக் பண்ணாங்க, அதுக்குத் தலைமை இடம் பார்கால்டைன். ரயில்வே ஸ்டேஷன் முன்னாடி ஒரு மரம், அதுக்குக் கீழ தான் கூடுவாங்க, லேபர் கட்சி அங்க தான் பிறந்துச்சுன்னு சொல்லுவாங்க. 2006ல எவனோ அந்த மரத்துக்கு விஷம் வச்சுக் கொன்னுட்டான். செத்த மரத்தைப் பதப்படுத்தி மேல ஆயிரக்கணக்கான கட்டைகளைத் தொங்கவிட்டு 2009ல நினைவிடமாத் திறந்தாங்க, காத்தடிச்சா கட்டையெல்லாம் ஒண்ணோடொண்ணு மோதிச் சத்தம் வரும். லாங்ரீச் போற வழி தானே, பாருங்க. அங்க ராத்திரி தங்குனா லைட் போட்ட பிறகு பாருங்க.

ஜூன் 9, இரவு 8:20

"பிளாக் ஸ்டம்ப் பாக்கணுமா"ன்னு கேட்டவருக்கு: அஞ்சு நிமிஷ வேலை. 1880கள்ல சர்வேயருங்க கருவியை ஒரு மரக்கட்டை மேல வச்சு அளந்தாங்க, அதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் ஊரே இல்லாத காடுன்னு பேரு ஆயிடுச்சு. ஸ்கூல் பின்னாடி கட்டை இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல கூலா, மெரிவாகான்னு மத்த ஊர்க்காரங்களும் எங்க கட்டை தான் ஒரிஜினல்ங்கறாங்க. பிள்ளையார் கோயில் போர்டு எல்லாத்துலயும் 'ஆதி' இருக்கும்ல.

ஜூன் 11, இரவு 11:10

கலர் விஷயம். இதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

முறைக்கல. பாப்பாங்க. பப்க்குள்ள போனா தலை திரும்பும், ஆனா அது புது ஆள் எவன் நுழைஞ்சாலும் திரும்புற தலை தான், சிட்னி வெள்ளைக்காரனுக்கும் திரும்பும். அப்புறம் எங்கிருந்து வர்றேன்னு கேப்பாங்க, பிரிஸ்பேன்னா, இல்ல அதுக்கு முன்னாடின்னு கேப்பாங்க. சிட்டில இதே கேள்வியை எவனாவது கேட்டா எனக்கு சுர்ருன்னு வரும். அங்க வரல. அங்க அடுத்த கேள்வி என்னன்னா, உங்க ஊர்ல மழை எப்படி, ஆடு உண்டா, என்ன ஆடு. எங்கப்பா வெள்ளாடு வச்சிருந்தாருன்னு சொன்னேன், ஒருத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. சாயங்காலம் ஆனா எல்லாரும் நாற்காலியை எடுத்துட்டு வந்து வண்டிங்க நடுவுல வட்டமாப் போடுவாங்க, திண்ணைப் பேச்சு தான், கையில பீர் மட்டும் எக்ஸ்ட்ரா. போகாம உள்ளயே அடைஞ்சு கெடந்தா தான் ஒரு மாதிரியாப் பாப்பாங்க. வீட்டம்மா மிளகு ரசத்தை டம்ளர்ல ஊத்திக் குடுத்தாங்க, விக்டோரியா தாத்தா மூணு தடவை இருமிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாரு.

ஆனா ஒண்ணு, நேர்மையாச் சொல்லணும்னா. நாம ரெண்டு நாள் தங்கிட்டுப் போற ஆளு. காசு செலவு பண்றோம், கிளம்பிடறோம். அந்த ஆளுகிட்ட நல்லா நடந்துக்கிறது ஈசி. அதே மாநிறத்தோட அங்கயே குடி போனா எப்படி இருக்கும்? அந்த நிலத்தோட பூர்வகுடிகளுக்கு அங்க எப்படி இருக்கும்? என் நாற்காலி அனுபவத்தை வச்சு இதுக்குப் பதில் சொன்னா அது அடிச்சு விடுறது தான்.

ஜூன் 12, காலை 7:30

ராத்திரி எழுதுனதைப் படிச்சுட்டு மூணு பேர் ஒரே பேரைப் போட்டிருக்கீங்க: பிலோயிலா. ஆமா, எனக்கும் படுத்த பிறகு அது தான் ஞாபகம் வந்துச்சு.

தெரியாதவங்களுக்கு. பிளாக்கால் அளவுக்கு உள்நாடு இல்ல, கிளாட்ஸ்டன்ல இருந்து உள்ள தள்ளி இருக்கு, நிலக்கரி, கறி ஃபேக்டரி, ஆறாயிரம் பேர் கூட இல்லாத ஊரு. தனித்தனியா படகுல வந்து ஆஸ்திரேலியாவுல கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு இலங்கைத் தமிழ் தம்பதி அங்க குடியிருந்தாங்க, அவரு அந்தக் கறி ஃபேக்டரில தான் வேலை பாத்தாரு, ரெண்டு பொண்ணுங்களும் ஆஸ்திரேலியாவுலயே பிறந்தவங்க. 2018 மார்ச்ல ஒருநாள் விடியக்காலைல பார்டர் ஃபோர்ஸ் வந்து நாலு பேரையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் தடுப்பு முகாம், கிறிஸ்துமஸ் தீவு, பெர்த்னு நாலு வருஷத்துக்கும் மேல. அந்த ஊர்க்காரங்க விடல. வெள்ளைக்கார ஊரு, பழமைவாதிங்களுக்கே ஓட்டுப் போடுற பகுதி, அங்க இருக்கிற பொம்பளைங்க ஆரம்பிச்சு 'ஹோம் டு பிலோ'ன்னு நாடு பூரா கொண்டு போனாங்க. 2022 ஜூன்ல ஆட்சி மாறின கையோட குடும்பம் திரும்பி வந்துச்சு, பெர்மனென்ட் விசாவும் ஆகஸ்ட்ல வந்துடுச்சு.

இது ரெண்டு நாள் தங்குற கேரவன்காரனுக்குக் காட்டுற சிரிப்பு இல்ல. டீசல் காசு வராது இதுல. அதனால நேத்து போட்ட கேள்வியை வாபஸ் வாங்கல, ஆனா ஒரு ஊராவது அதுக்குப் பதில் சொல்லியிருக்கு.

ஜூன் 12, மதியம் 12:45

வழி கேட்டவருக்கு: லாங்ரீச்ல இருந்து திரும்பறப்போ பார்கால்டைன், ஆல்ஃபா, எமரால்ட், ஸ்பிரிங்ஷூர், ரோல்ஸ்டன் வழியா டாசன் ஹைவே பிடிச்சா பிலோயிலா வந்துடலாம். சுத்து தான். ஆனா வந்த ரோட்லயே திரும்பிப் போறது எனக்குப் பிடிக்காது. பிலோயிலாவுலயும் கேரவன் போட இடம் உண்டு. தயவு செஞ்சு அந்தக் குடும்பத்து வீட்டைத் தேடிப் போய் செல்ஃபி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், அவங்க நிம்மதியா இருக்கட்டும்.

ஜூன் 14, இரவு 9:50

டாம்போவைத் தாண்டிப் போகும்போது நிறுத்தணுமான்னு வைஃப் கேக்குறாங்களாம். நிறுத்துங்க. 1991ல ஆட்டு ரோம விலை அடியோட விழுந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம அந்த ஊர்ப் பெண்கள் 1993ல ஆட்டுத் தோல்ல கரடி பொம்மை தைக்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் தைக்கிறாங்க, ஒவ்வொண்ணுக்கும் பேரும் நம்பரும் உண்டு. விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க பசங்க, கடைக்குள்ள போறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

ஜூன் 15, காலை 6:15

கடைசியா, வண்டிக்கு வண்டி பேசுற ரேடியோவை எந்தச் சேனல்ல வைக்கணும்னு கேட்டிருந்தீங்க. அந்த யூஎச்எஃப் ரேடியோல லாரிக்காரங்க சேனல் 40, கேரவன்காரங்க பெரும்பாலும் 18. நீங்க 40ல வைங்க. மேற்கே போகப் போக 50 மீட்டரைத் தாண்டின ரோடு ட்ரெயின் (பல ட்ரெய்லரைக் கோத்து இழுக்குற லாரி) வரும், பின்னாடி வந்து ஒட்டுனா பதறி ரோட்டை விட்டு இறங்காதீங்க, பிரேக்கும் போடாதீங்க, ஒரே ஸ்பீடுல நேரா போங்க. எதிர்ல காலியா இருந்தா மைக்கை எடுத்து காலியா இருக்குன்னு சொல்லுங்க, அவன் வெளிய எடுத்த பிறகு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, சீக்கிரம் தாண்டிடுவான். தாண்டி முடிச்சதும் அவன் கண்ணாடில உங்களைச் சரியாப் பாக்கறது கஷ்டம், நீங்க தான் "உள்ள வந்துடு மேட்"னு சொல்லணும். அம்மாவை அப்போ முன் சீட்ல உக்கார வைக்காதீங்க.